கால்வாயில் ஓர் உத்தியோகம்

திருப்புட்குழியிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு பக்கமும் ஊர்ப் பெருமை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகில் உள்ள அந்த ஊரில்தான் இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்தார் என்பது ஐதிகம். புள்ளுக்குக் குழி அமைந்த ஊராதலால் புட்குழி. இராமாநுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் அங்கேதான் என்பார்கள். இவ்வளவும் நமக்கு முன்பே தெரியும் என்றாலும், சொந்த ஊரைப் பற்றி எழுதத் தொடங்கிய மனிதரைத் தடுப்பது யாரால் ஆகும்? மூன்றாவது பக்கத்தில்தான் விஷயம் வருகிறது.

நேயரின் குமாரத்தி சென்னையில் ஹோட்டல் நிர்வாகப் படிப்பு முடித்து, ஒரு பெரிய விடுதியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு தரகர் வந்து, பிரான்சு தேசத்தில் கால்வாய்களில் ஓடும் உல்லாசப் படகு ஒன்றில் 'குரூஸ் டைரக்டர்' உத்தியோகம் வாங்கித் தருவதாகவும், அதற்கு 4 லட்ச ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். பெண்ணுக்குப் போக ஆசை. வீட்டிலுள்ள பாட்டியோ, டைரக்டர் என்றதும் சினிமாவோ என்று பயந்துவிட்டார். சினிமா இல்லை, படகு என்று விளக்கிய பிறகு அவர் கேட்ட கேள்வி இது: "படகிலே டைரக்டருக்கு என்ன வேலை? தள்ளுகிறவன் தள்ளுகிற பக்கந்தானே படகு போகும்?"

பணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்கலாமா, இது கௌரவமான வேலைதானா, தெரிந்தவரை எழுதுங்கள் என்கிறார் நேயர். பாட்டியின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பிரான்சு தேசத்தில் நதிகளையும் கால்வாய்களையும் சேர்த்து அந்நாட்டு நீர்வழி நிர்வாகத்தின் பொறுப்பில் மட்டும் சுமார் 6,700 கிலோமீட்டர் உண்டு. அவற்றுள் புகழ் பெற்றது தெற்கே உள்ள மிதி கால்வாய். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளம். 1666-இல் தொடங்கி 1681-இல் திறந்தார்கள். வெட்டியவர் பியேர் போல் ரிக்கே என்பவர். அவர் என்ஜினீயரல்லர், உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரர். கைப்பொருளையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு, 1680-இல் இறந்துபோனார். 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கால்வாய்களில் தானியமும் மதுப் பீப்பாயும் கரியும் போயின. பிற்பாடு ரயில் வந்தது, லாரி வந்தது. சரக்குப் படகுகள் கரையோரம் துருப்பிடித்து நின்றன. 1960-களில் சிலர் அவற்றை வாங்கி, சரக்கு வைத்த இடத்தில் படுக்கையறைகளைக் கட்டினார்கள். அப்படிப் பிறந்ததே இந்த உல்லாசப் படகுத் தொழில். 1879-ஆம் வருஷத்துச் சட்டமொன்றினால் அங்கே பெரும்பாலான கால்வாய்களின் நீர்ப்பூட்டுகள் ஒரே அளவாக அமைந்துவிட்டன. ஆகவே படகு சுமார் 38½ மீட்டர் நீளத்துக்கும் 5 மீட்டர் அகலத்துக்கும் மேல் இருக்க முடியாது. மிதி கால்வாயில் இன்னும் சிறிது குட்டை. அந்த ஒடுங்கிய மரப்பெட்டிக்குள் ஆறு பேர், எட்டுப் பேர், மிஞ்சினால் இருபது சொச்சம் பிரயாணிகள். அவர்களுக்கு நாலைந்து ஊழியர்கள். வேகம் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். சைக்கிள்காரன் மணியடித்துத் தாண்டிப் போய்விடுவான். இதற்கு ஒரு வாரத்துக்கு ஆளுக்குப் பல லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள். மெதுவாகப் போவதற்கு இவ்வளவு விலையா என்று திருப்புட்குழியில் யாரேனும் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

நீர்ப்பூட்டு என்றோமே, அதைச் சற்று விளக்க வேண்டும். தண்ணீர் மேடேறாது; படகு மேடேற வேண்டியிருக்கிறது. ஆகவே கால்வாயின் குறுக்கே இரண்டு கதவுகள் வைத்து நடுவில் ஒரு தொட்டி கட்டுகிறார்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி மேல்மடையைத் திறந்தால், தொட்டியில் நீர் ஏற ஏறப் படகும் ஏறும். மேல்மட்டத்துக்குச் சமமானதும் மேல்கதவு திறக்கும். பெஸியே நகரத்தருகே இத்தகைய தொட்டிகள் குன்றின் சரிவில் படிக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. படகு அங்கே படியேறுவதைப் பார்க்க ஊரே கூடும்.

இனி டைரக்டரின் வேலை. படகைச் செலுத்துவது காப்டன். சமைப்பது சமையற்காரர். கயிறு வீசி முளையில் கட்டுவது தளத்து ஆள். மீதியெல்லாம் டைரக்டர் தலையில். காலையில் கரையிலுள்ள கிராமத்து ரொட்டிக் கடையிலிருந்து சூடாக ரொட்டி வர வேண்டும். ஒரு பிரயாணிக்குக் கோதுமை ஆகாது. இன்னொருவர் மாமிசம் தொடமாட்டார். மூன்றாமவர் தம் மனைவியுடன் நேற்றிரவு முதல் பேசுவதில்லை. இவர்களை எல்லாம் ஒரே மேஜையில் சிரித்த முகத்தோடு உட்கார வைக்க வேண்டும். பகலில் படகு தன் போக்கில் ஊர்ந்துகொண்டிருக்க, கரை வழியே ஒரு சிறு வேன் கூடவே வரும். அதில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு பழைய கோட்டைக்கோ சந்தைக்கோ திராட்சைத் தோட்டத்துக்கோ போக வேண்டும். பல படகுகளில் வேனை ஓட்டுவதும் கதை சொல்வதும் ஒருவரே. மழை பெய்தால் நாள் முழுவதும் படகுக்குள்ளேயே பொழுது போக்க வகை செய்ய வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது இன்ன மது, இன்ன ஊர்த் திராட்சையில் வடித்தது, இன்ன பாலாடைக்கட்டி, இன்ன ஆட்டின் பால் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். குடிப்பதும் குடிக்காததும் அவரவர் இஷ்டம். தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. திருப்புட்குழிக் குடும்பத்தார் இதை முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

ஆக, பாட்டியம்மாளுக்கு நம் பதில்: படகு போகும் திசையைப் பற்றி டைரக்டருக்குக் கவலையில்லை, படகிலிருப்பவர்களின் மனம் போகும் திசையைத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியவரை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதிக்கு அவர் தம் ஊர்க் கோயிலையே பார்க்கலாம். வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகரை ஜடாயு தீர்த்தத்தின் கரையில் நிறுத்தி, பறவையரசனின் கதை சொல்லி, விஜயராகவப் பெருமாள் சந்நிதிக்கு அழைத்துச் சென்று, வறுத்த பயறு முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையையும் மறக்காமல் சொல்லி, சாப்பிட்டீர்களா என்றும் விசாரித்து அனுப்பும் மனிதர் அந்த ஊரில் ஒருவராவது இருப்பார். அவருக்கு இந்த உத்தியோகம் புதிதன்று, சம்பளந்தான் புதிது. ஊரை ஆசையோடு பிறருக்குக் காட்டத் தெரிவது ஒரு வித்தை. விடுதியில் இரண்டு வருஷம் இருந்த பெண்ணுக்கு அது கைவந்திருக்கிறதா என்பதைத் தகப்பனார்தான் சொல்ல வேண்டும். அவருடைய கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்தால் குடும்பத்தில் அந்த வித்தைக்குக் குறைவில்லை என்றே தோன்றுகிறது.

கௌரவமான வேலைதான். சுகமான வேலை என்று நாம் சொல்லவில்லை. விருந்தினர் எழும்முன் எழுந்து, அவர்கள் படுத்தபின் படுக்க வேண்டும். ஊழியருக்குக் கிடைக்கும் அறை, நம் ரயில் வண்டியின் மேல்தட்டுப் படுக்கையைவிடச் சற்றே பெரிது. ஒரு கூட்டம் சனிக்கிழமை காலையில் இறங்கினால், ஞாயிறு மாலையில் அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் படுக்கை விரிப்பு முதல் விளக்குவரை மாற்ற வேண்டும். பருவம் சுமார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் கால்வாயை வடித்துக் கதவுகளைச் செப்பனிடுவார்கள். அப்போது படகுமில்லை, பெரும்பாலும் சம்பளமுமில்லை. 2022-ஆம் வருஷக் கோடையில் மழை பொய்த்து, பருவத்தின் நடுவிலேயே பல கால்வாய்களில் படகுகளை நிறுத்திவிட்டார்கள். வருமானத்தில் ஒரு பங்கு விருந்தினர் போகும்போது கொடுக்கும் இனாம். பிரயாணக் கட்டணத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை கொடுப்பது அங்கே வழக்கம். அதை ஊழியரெல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இப்போது அந்த 4 லட்சம். இந்த இடத்தில் நாம் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் அதிகமாகக் கேட்கக் கூடாது என்பது விதி. 4 லட்சம் கேட்கிறவர் பதிவு பெற்றவராயிருந்தால் விதியை மீறுகிறார். பெறாதவராயிருந்தால் சட்டத்தையே மீறுகிறார். அவர் பெயர் பதிவில் உண்டா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்; சர்க்காரின் 'இ-மைகிரேட்' பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் செய்யலாம்.

இன்னொரு சூக்ஷ்மம் இருக்கிறது. இதைத் தரகர்கள் சொல்வதில்லை. கடலில் ஓடும் கப்பல்களில் வேலை செய்கிறவர்களுக்கு 2006-ஆம் வருஷத்துக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் என்று ஒரு கவசம் உண்டு. வேலை தேடித் தந்ததற்காக மாலுமியிடம் கூலி வாங்கக் கூடாது, ஓய்வு நேரம் இவ்வளவு இருக்க வேண்டும், ஊர் திரும்பச் செலவு முதலாளியுடையது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் உள்நாட்டு நீர்நிலைகளில் மட்டும் ஓடும் படகுகளை அந்த ஒப்பந்தம் தன் வரம்பில் சேர்க்கவில்லை. கால்வாய்ப் படகு கப்பலைப் போலத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கப்பலன்று. அங்கே வேலை செய்யும் பெண்ணைக் காப்பது பிரெஞ்சு தேசத்துத் தொழிலாளர் சட்டமும், அவள் கையிலுள்ள ஒப்பந்தக் கடிதமுந்தான். ஆகவே கடிதம் தரகர் பெயரிலன்றிப் படகுச் சொந்தக்காரர் பெயரில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம், வேலை நேரம், குளிர்கால ஏற்பாடு, திரும்பி வரும் செலவு நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்நாட்டில் வேலை செய்ய அனுமதி வாங்கவேண்டியவரும் முதலாளியே. சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பிரெஞ்சுப் பாஷை தெரியாமல், கார் ஓட்டத் தெரியாமல், படகில் ஒரு நாளும் வேலை பார்க்காமல் நேரே டைரக்டராகிவிட முடியாது என்பதும் உண்மை. படுக்கை விரிப்பவளாகவோ தளத்து ஆளாகவோ ஒரு பருவம் இருந்து, பிறகு உயர்வதுதான் இயல்பு. நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். ஆறு மாதம் பிரெஞ்சு படிக்கச் சென்னையில் வசதி இருக்கிறது. அந்தச் செலவைச் செய்யலாம்.

கடிதத்தின் நான்காவது பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, நேயர் ஒரு வரி எழுதியிருக்கிறார். "நம் நாட்டில் இப்படி ஒரு கால்வாய் இல்லையா?" என்று. போகிற போக்கில் எழுதிய வரி; நம்மை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டது.

இருக்கிறது. திருப்புட்குழி முன்னாளில் சேர்ந்திருந்த அதே செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரமாகவே ஓடுகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர். ஆந்திர தேசத்தில் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். மிதி கால்வாயைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கு வடக்கே முதல் பகுதியை வெட்டினார். 1837-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டினார்கள். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதை வெட்டியது 1877, 78-இல். தாது வருஷப் பஞ்சத்தில்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இப்போது அதிகம் இருக்கமாட்டார்கள். தென்னாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கச் சர்க்கார் கண்ட வழி, மண் வெட்டும் வேலை. லிட்டன் பிரபு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்தார்: நாளெல்லாம் வெட்டும் ஆண் மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். ஒரு ராத்தல் என்பது 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்கிறவன் உயிர் வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். நிவாரணக் கூலிகள் வேலை செய்ய மறுத்து நின்றார்கள். பட்டினியில் வேலை நிறுத்தம் செய்வதென்றால் அது எத்தகைய கூலியாயிருந்திருக்க வேண்டும்! பிற்பாடு சர்க்கார் சற்று இறங்கி வந்தனர். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

ரிக்கேயின் கால்வாயை வெட்டியவர்களும் ஏழைகளே. ஒரு சமயம் சுமார் 12,000 பேர், பெண்களும் சேர்த்து. அந்த மனிதர் மாதச் சம்பளம் பேசி, ஞாயிற்றுக்கிழமைக்கும் மழை நாளுக்கும் நோயாய்ப் படுத்த நாளுக்குங்கூடக் கூலி கொடுத்தார். நமது கால்வாய்க்கு இருநூறு வருஷம் முன்பு! உப்பு வரிக்காரரை நாம் புகழ நேர்வது இது ஒரு தடவைதான் இருக்கும்.

எப்படி வெட்டினாலும் கால்வாய் உபயோகப்பட்டது. நெல்லூர் அரிசியும், உப்பும், சவுக்கு விறகும் அதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் மூங்கில் கழி. அதுவும் போதாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். பிரான்சிலும் அப்படித்தான், குதிரையில்லாதவன் தானே மார்பில் வார் கட்டி இழுத்தான். அவன் நடந்து தேய்த்த பாதையில்தான் இன்று உல்லாசப் பிரயாணிகள் சைக்கிள் விடுகிறார்கள்.

உல்லாசப் பிரயாணமும் நம் கால்வாய்க்குப் புதிதில்லை. மாமல்லபுரத்துக்கு நல்ல சாலை ஏற்படும் முன்பு, சென்னைவாசிகள் மாலையில் படகேறி, இரவு முழுவதும் நிலா வெளிச்சத்தில் மிதந்து, விடியற்காலையில் அங்கே இறங்குவார்கள். 1934-இல் பாரதிதாசன் தம் நண்பர்களோடு அப்படிச் சென்று, 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு பாட்டே எழுதினார். உள்ளே உட்கார்ந்து வந்தவர்களின் களிப்போடு, வெளியே படகைத் தள்ளியும் இழுத்தும் வந்தவர்களின் பாட்டையும் அவர் பாடத் தவறவில்லை. அந்தப் படகுகளில் டைரக்டர் யாரும் கிடையாது. கட்டுச்சோறும் பாட்டும் பிரயாணிகளே கொண்டுவந்தது.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிச் சொல்ல மனமில்லை. 1965, 66-இல் அடித்த புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. லாரிகள் சரக்கைக் கொண்டுபோயின. நகரம் தன் சாக்கடையைத் திருப்பிவிட்டது. பிறகு சென்னையில் மேம்பால ரயில் போட இடம் தேடியபோது, கால்வாய்க்குச் சொந்தக்காரர் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று, தண்ணீரிலேயே தூண்களை நாட்டினார்கள். அந்த ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் திருமயிலை வரையிலும் வந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, சென்னைக்கு வடக்கே கரையோரத்தில் இந்தக் கால்வாய் அலைநீரை வாங்கிக்கொண்டு பல மீனவர் உயிரைக் காத்தது. 2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள நீர்வழியை நான்காம் தேசிய நீர்வழி என்று சட்டம் செய்தார்கள். நமது கால்வாயும் அதில் அடங்கும். காகிதத்தில் அது நெடுஞ்சாலை. மயிலாப்பூர்ப் பாலத்தின் மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது தெரிந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

நம் தேசத்தில் வேறெங்கும் இத்தொழில் இல்லையோ என்றால், உண்டு. கேரளத்தில் அரிசி ஏற்றிய கெட்டுவள்ளங்கள், இரும்பாணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை, லாரி வந்தபின் வேலையற்று நின்றன. 1990-களில் அவற்றின்மேல் கூடாரம் வேய்ந்து அறை கட்டி, ஆலப்புழையில் விருந்தினரை ஏற்றினார்கள். பிரான்சில் நடந்த கதையேதான். ஆனால் அது அளவுக்கு மிஞ்சி வளர்ந்து, வேம்பநாட்டுக் காயலில் படகுகளின் எண்ணெயும் கழிவும் மிதக்கிறது என்று அங்கேயே முறையிடுகிறார்கள். சாதாரணப் படகில் ஓட்டுநர், சமையற்காரர், ஓர் உதவியாள், மூவரே. கரையைக் காட்டிக் கதை சொல்ல ஆள் கிடையாது. வடக்கே 2023 ஜனவரி 13-இல் காசியிலிருந்து புறப்பட்ட 'கங்கா விலாஸ்' என்ற கப்பல், 36 பிரயாணிகளுக்கு இடம் கொண்டது, 51 நாளில் 3,200 கிலோமீட்டர் சென்று திப்ருகர் சேர்ந்தது. அத்தகைய கப்பலில் டைரக்டரில்லாமல் முடியாது. நேயரின் குமாரத்திக்கு இதுவும் ஒரு வாசல். முதல் பருவத்தை நம் தேசத்து நீரிலேயே கற்றுக்கொண்டு பிறகு கடல் கடக்கலாம்; தரகரும் வேண்டியதில்லை.

நமது கால்வாயில் முழு நீளத்துக்கும் படகு விட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நகரத்துக்குள் தூண்களைப் பிடுங்கவும் சொல்லவில்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு துண்டு போதும். கோவளத்தில் நவாபுகள் காலத்துத் துறைமுகத்தின் கதை இருக்கிறது. அடுத்தது திருவிடந்தை, நாளைக்கொரு பெண்ணாக வருஷம் முழுவதும் கல்யாணம் செய்துகொண்ட வராகப் பெருமாள். பிறகு சாளுவன்குப்பத்துப் புலிக்குகை. முடிவில் மாமல்லபுரமும் தலசயனப் பெருமாளும். திருவிடந்தையும் கடல்மல்லையும், திருப்புட்குழியைப் போலவே, நூற்றெட்டுத் திருப்பதிகளில் சேர்ந்தவை. இவ்வளவு கதை அடங்கிய கரை அந்தப் பிரெஞ்சுக் கால்வாயில் இருக்குமா என்பது சந்தேகமே. வேண்டியது, இந்தத் துண்டில் சாக்கடை கலவாமல் காப்பதும், மண் வாருவதும், படகு நிற்க நாலு துறைகளும், கதை தெரிந்த நாலு பேரும். கதை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருத்திக்கு வேலை தருவதாகச் சொல்லி 4 லட்சம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முட்டுக்காட்டில், கால்வாய் காயலைக் கடக்கும் இடத்தில், சுற்றுலாக் கழகம் 1984 முதல் படகுத்துறை நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வந்து, குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டி, அரைமணி நேரம் காயலைச் சுற்றிவிட்டு ஏறிய துறையிலேயே இறங்குகின்றன. படகோட்டியிடம் தெற்கே போகலாமா என்று கேட்டால், அந்தப் பக்கம் படகு போவதில்லை என்பார். கால்வாய் அந்தப் பக்கந்தான் போகிறது.